கரையில் கட்டிய குடுக்கை

"கட்டிவிட்டேன்" என்று பஞ்சாட்சரம் தன் தங்கையிடம் சொன்னது பொய்யில்லை. பொய்யாக இருந்திருந்தால் எவ்வளவோ தேவலை. சொன்னது அத்தனையும் நிஜம். சொல்லாமல் விட்டதுதான் இரண்டு வருஷமாக அவன் தொண்டையில் மீன்முள்ளாகக் குத்திக்கொண்டு கிடந்தது.

விஷயம் இதுதான். எழுபத்தொன்பதாம் வருஷம் மாசி மாதம், பம்பாயிலிருந்து மஸ்கட்டுக்குப் போன விமானம் ஒன்று கடலில் இறங்கியது. விழவில்லை, இறங்கியது. எஞ்சின்கள் நின்றுபோய், ஓட்டியவர் அதைத் திருப்பிக் கரைக்குக் கொண்டுவரப் பார்த்து, முடியாமல், கரை கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் தண்ணீர் மேலேயே படுக்க வைத்தார். தொண்ணூறு பேருக்கு மேல் பிழைத்தார்கள். அவர்களில் திருப்புலிவனத்துக் கொத்தனார் பஞ்சாட்சரமும் ஒருவன். அவன் பக்கத்தில் உட்கார்ந்திருந்த தங்கை புருஷன் தாமோதரன் பிழைக்கவில்லை. இருபத்துமூன்று பேரோடு விமானம் முழுகிப்போனது. ஆழமான இடம் என்று எடுக்காமலே விட்டுவிட்டார்கள். விமானக் கம்பெனிக்காரன் அனுப்பிய கடுதாசியில் தாமோதரன் பெயருக்கு நேராகக் 'காணவில்லை' என்று போட்டிருந்தான். செத்துப்போனான் என்று போடுவதற்கு அவனுக்கு என்ன கேடு வந்தது?

தாமோதரன் தென்னேரிக்காரன். அவ்வளவு பெரிய ஏரிக்கரையில் பிறந்தவனுக்குத் தண்ணீர் என்றால் ஆகாது என்று சொன்னால் யாராவது நம்புவார்களா? ஆனால் அவனுக்கு மூத்தவன் ஒருவன் ஏழு வயதில் அந்த ஏரியிலேயே முழுகிப் போயிருந்தான். அதற்கப்புறம் அவன் அம்மா இவனை மதகுப் பக்கம்கூட விட்டதில்லை. வாளித் தண்ணீரில் குளித்து வளர்ந்து, ஃபிட்டராகி, உத்திரமேரூர் அரிசி மில்லுக்கு வேலைக்கு வந்து, பஞ்சாட்சரத்தின் தங்கை கனகாவைக் கட்டிக்கொண்டு திருப்புலிவனத்திலேயே வீடு பிடித்துத் தங்கிவிட்டான். நல்ல மனுஷன். அவன் இரைந்து ஒரு வார்த்தை பேசி யாரும் கேட்டதில்லை.

திருப்புலிவனத்தில் நீச்சல் பழகுவதற்கு ஒரு முறை உண்டு. முற்றிக் காய்ந்த சுரைக்காயின் வாயை மெழுகு வைத்து அடைத்து, கயிறு கோத்து முதுகில் கட்டுவார்கள். அந்தக் குடுக்கை ஆளை முழுக விடாது. ஆனால் அதைக் கரையிலேயே கட்டியாக வேண்டும். இறுக்கி, இழுத்துப் பார்த்து, இரட்டை முடிச்சுப் போட்ட பிறகுதான் கிணற்றின் முதல் படியில் கால் வைக்கலாம். தண்ணீரில் இறங்கிவிட்டுக் குடுக்கையைத் தேடுகிறவன் மடையன். இது ஒரு சட்டம். இன்னொன்று, நீச்சல் வந்துவிட்டவன் குடுக்கையைத் தொடக்கூடாது. தொட்டால் அன்றைக்குப் பூராவும் ஊர் அவனைப் பார்த்துச் சிரிக்கும்.

கல்யாணமான முதல் காணும் பொங்கலன்று மாப்பிள்ளையைக் கிணற்றில் இறக்கிக் கலாட்டா பண்ணுவது மச்சான்காரர்களின் உரிமை. தாமோதரனுக்கு முகம் வெளுத்துவிட்டது. மற்றவர்கள் தூக்கிப் போடத்தான் பார்த்தார்கள். பஞ்சாட்சரம் விடவில்லை. தன் கையால் குடுக்கையைக் கட்டி, இரண்டு தடவை இழுத்துப் பார்த்து, கையைப் பிடித்துப் படிப்படியாக இறக்கினான். ஊரே சுற்றி நின்று சிரிக்க, தாமோதரன் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு ஒன்றையே சொல்லிக்கொண்டிருந்தான்: "கைய உடாதே மச்சான்." பஞ்சாட்சரம் விடவில்லை. கரையேறிய பிறகும் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டுதான் இருந்தான். அந்தக் குடுக்கையைக் கனகா எடுத்துப்போய் மாட்டுக் கொட்டகை விட்டத்தில் மாட்டினாள். வீட்டுக்காரரைச் சீண்ட வேண்டும் என்றால் அதைக் காட்டுவாள்.

மஸ்கட் யோசனை பஞ்சாட்சரத்தினுடையது. தாமோதரனுக்கு அவ்வளவு இஷ்டமில்லை. பேசிப் பேசிக் கிளப்பியவன் இவன்தான். உத்திரமேரூர் பஸ் நிலையத்தில் வழியனுப்ப வந்த கனகா, போகிற வழியில் தண்ணீர் உண்டா என்று கேட்டாள். மேலே பறக்கிறவனுக்குத் தண்ணீர் எங்கே வரும் என்று இவன் கேலி பண்ணினான். அவள் சிரிக்கவில்லை.

"ண்ணா, அவுருக்குத் தண்ணின்னா பயம். நீ கூடவே இரு."

இருக்கிறேன் என்றான்.

கூடவேதான் இருந்தான். விமானம் புறப்பட்டு அரைமணி இருக்கும், இரைச்சல் நின்று காது அடைத்துப்போனது. சேலை கட்டிய பணிப்பெண் ஒருத்தி நடுவில் வந்து நின்று, இருக்கைக்கு அடியிலிருந்து மஞ்சள் சட்டையை எடுத்து மாட்டிக் காட்டினாள். அதில் ஒரு கயிறு தொங்கியது. இழுத்தால் சட்டை காற்று நிரம்பிப் புடைத்துக்கொள்ளும். அவள் கயிற்றைப் பிடித்துக் காட்டினாளே தவிர இழுக்கவில்லை. இரண்டு கையையும் ஆட்டி ஆட்டி இங்கிலீஷிலும் இந்தியிலும் கத்தினாள். வாசலைக் காட்டினாள், மறுபடியும் கையை ஆட்டினாள்.

புரியவில்லை என்று இன்றைக்குச் சொல்லிக்கொள்ளலாம். இங்கிலீஷ் தெரியாது, இந்தி தெரியாது, வாஸ்தவம்தான். ஆனால் கை பேசுவது தெரியாமல் போகுமா? இப்போது இழுக்காதே, வாசலைத் தாண்டிய பிறகு இழு என்றுதான் அந்தக் கை சொன்னது. பஞ்சாட்சரத்துக்கு நன்றாகவே புரிந்தது. புரிந்தும், இந்தப் பெண் எந்தக் கிணற்றில் இறங்கியிருக்கப் போகிறாள் என்று நினைத்தான். தண்ணீரில் விழுந்த பிறகு எவனாவது குடுக்கையைத் தேடுவானா?

தாமோதரனுக்குச் சட்டையை மாட்டி, பட்டையை இறுக்கி, இரட்டை முடிச்சுப் போட்டு, கயிற்றை இழுத்தான். புஸ்ஸென்று புடைத்துக்கொண்டது. இழுத்துப் பார்த்தான், கெட்டியாக இருந்தது. அதுவரை நடுங்கிக்கொண்டிருந்த தாமோதரனுக்கு அதைத் தொட்டுப் பார்த்ததும் முகத்தில் கொஞ்சம் ரத்தம் வந்தது.

"நீ போட்டுக்கல மச்சான்?"

"எனக்கு எதுக்கு மாப்ளே."

அந்த நேரத்திலும் வெட்கம் பார்த்தான் பாவி. அந்த வெட்கம்தான் அவனைப் பிழைக்க வைத்தது.

ஊர் திரும்பிய அன்று கனகா அழவில்லை. கூடியிருந்த பெண்கள் எல்லாம் அழுதார்கள். அவள் நேராக இவனிடம் வந்து ஒன்றே ஒன்று கேட்டாள். மிதக்கிறதுக்கு ஏதாவது கொடுத்தார்களா, அவருக்குக் கட்டினார்களா என்று. கொடுத்தார்கள், நானே கட்டிவிட்டேன், முடிச்சை இழுத்துப் பார்த்தேன், தண்ணீர் வந்ததும் பிரிந்துவிட்டோம் என்றான் பஞ்சாட்சரம். அவள் மனம் ஆறட்டும், கடைசிவரை அண்ணன் பார்த்துக்கொண்டான் என்று இருக்கட்டும் என்றுதான் சொன்னான். அவள் கண் மலர்ந்தது.

"அப்ப முழுகி இருக்க மாட்டாரு. மெதந்துக்கினு எங்கியாவது கரை ஒதுங்கி இருப்பாரு."

அங்கேயே, அப்போதே, இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். நாளைக்குச் சொல்லலாம் என்று விட்டான். நாளைக்குச் சொல்லலாம் என்று விட்டதெல்லாம் எப்போது சொல்லப்பட்டிருக்கிறது?

அந்த மாதக் கடைசியில், தென்னேரியிலிருந்து கனகாவின் மாமியார் வந்து காரியம் பண்ண நாள் பார்த்தாள். உடல் கிடைக்காதவர்களுக்கு வைக்கோலில் உருவம் செய்து எரித்துப் பதினாறாம் நாள் காரியம் செய்வது உண்டு. அன்றைக்குத் தாலி வாங்கிய பிறகு, பிறந்த வீட்டிலிருந்து அண்ணன் கோடிப் புடவை கொண்டுவந்து தங்கை தோளில் போர்த்த வேண்டும். பஞ்சாட்சரம் உத்திரமேரூர் கடைத்தெருவில் நஜிமுதீன் பாய் ஜவுளிக்கடைக்குப் போய் அந்தப் புடவையை எடுத்து வந்தான். காரியமே கூடாது என்று கனகா ஒரே பிடியாக மறுத்துவிட்டாள். உயிரோடு இருக்கிறவருக்கு யார் கொள்ளி வைப்பது என்று மாமியாரை வாசலோடு திருப்பி அனுப்பினாள். புடவை அவள் கண்ணில் படாமலே பஞ்சாட்சரத்தின் பெட்டி அடியில் போய்ப் படுத்தது.

அப்புறம் இரண்டு வருஷம் அவள் பட்ட பாடு கொஞ்சமல்ல. விசேஷ வீட்டில் அவளுக்குக் குங்குமம் கொடுக்கலாமா கூடாதா என்று பெண்கள் அவள் காதுபடவே பேசினார்கள். தாலியோடும் பொட்டோடும் அவள் குழாயடிக்குப் போனால் சிலர் குடத்தை நகர்த்திக்கொண்டார்கள். நல்லதுக்கும் கூப்பிடவில்லை, கெட்டதுக்கும் கூப்பிடவில்லை. அவள் அசரவில்லை. நாற்று நட்டுக் கூலி வாங்கினாள், வெள்ளிக்கிழமை தலை முழுகினாள், கேட்டவர்களுக்கெல்லாம் ஒரே பதில் சொன்னாள்: எங்கண்ணன் கையால கட்டிவுட்டிருக்கு. அந்தப் பேச்சு காதில் விழும் தெருப்பக்கம் போவதையே பஞ்சாட்சரம் விட்டுவிட்டான். வேலைக்குப் போனான், வந்தான், சாப்பிட்டான். கிணற்றில் இறங்குவது மட்டும் அவனால் முடியவில்லை.

எண்பத்தொன்று சித்திரையில் ஐயங்கார்குளத்து ஆள் ஒருவன் பம்பாயிலிருந்து வந்தான். பம்பாய்க்குத் தெற்கே மீன்பிடிக்கிற ஊர் ஒன்றில், புத்தி தடுமாறிய தமிழ் ஆள் ஒருத்தர் வலை காயப்போட்டுக்கொண்டிருப்பதாக யாரோ சொன்னதைச் சொன்னான். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாதவன். அந்தச் சேதி கனகாவிடம் வந்து சேர இரண்டு நாள்கூட ஆகவில்லை. வெள்ளிக்கிழமை புறப்படுகிறேன் என்றாள். அண்ணன் கூட வரட்டும், வராவிட்டால் தனியாகப் போகிறேன் என்று ஆள் அனுப்பினாள். தமிழைத் தவிர ஒன்றும் தெரியாதவள், காஞ்சிபுரத்தைத் தாண்டிப் போகாதவள், ஒரு போட்டோவைக் கையில் வைத்துக்கொண்டு கடற்கரை கடற்கரையாகத் தேடப் போகிறாளாம்.

புதன்கிழமை கடைத்தெருவில் நஜிமுதீன் பாய் இவனைக் கைதட்டிக் கூப்பிட்டார். பாயின் மைத்துனர் பம்பாயில் இருக்கிறார், அவர் விலாசம் கேட்டுக் கனகா வந்து போயிருக்கிறாள். சொல்லிவிட்டுப் பாய் துணியை மடிப்பதை நிறுத்தினார்.

"எங்கிட்ட ஒரு கோடி எடுத்தியே பஞ்சாட்சரம், அத இன்னா பண்ணே?"

பஞ்சாட்சரம் திரும்பி நடந்தான். பாய் மறுபடி கூப்பிடவில்லை.

மறுநாள் மத்தியானம் தங்கை வீட்டுக்குப் போனான். கனகா தகரப் பெட்டியைத் திறந்து வைத்து, தாமோதரனின் சட்டை ஒன்றை மடித்துக்கொண்டிருந்தாள். கிடைத்தால் போட்டுக்கொள்ள நல்ல சட்டை வேண்டாமா என்றாள். பெட்டியில் அவன் வேட்டி இருந்தது, சவரக்கத்தி இருந்தது. நின்றால் சொல்ல முடியாது என்று பஞ்சாட்சரம் தரையில் உட்கார்ந்தான்.

"போவாதே கனகா. அவுரு வெளியவே வரல. ஏரோப்ளேனுக்குள்ளயே கீறாரு."

அவள் நம்பவில்லை. கட்டிவிட்டேன் என்றாயே, கட்டியிருந்தால் எப்படி முழுகுவார் என்றாள். கட்டினதுதான் முழுகடித்தது என்றான். அவளுக்குக் கோபம் வந்தது. மிதக்கிற சாமான் மனுஷனை எப்படி முழுகடிக்கும், வரப் பிடிக்காவிட்டால் வரவில்லை என்று சொல்லிவிட்டுப் போ, கதை கட்டாதே என்றாள்.

வாயால் சொல்லி ஆகாது என்று அவனுக்குத் தெரிந்தது. எழுந்து மாட்டுக் கொட்டகைக்குப் போய் விட்டத்திலிருந்து அந்தக் குடுக்கையை இறக்கினான். அவளுடைய சோற்றுக் குண்டானை எடுத்தான். மாட்டுத் தண்ணித் தொட்டி நிரம்பியிருந்தது. குண்டானைச் சாய்த்துக் காற்றைப் போக்கித் தண்ணீருக்குள் கவிழ்த்து, அதற்குள் குடுக்கையைத் தள்ளினான். குடுக்கை டொங்கென்று போய்க் குண்டானின் அடியில் முட்டி நின்றது. குண்டானை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டு தங்கையைப் பார்த்தான்.

"இதான் ஏரோப்ளேன். தண்ணி உள்ள பூந்து கூரை வரைக்கும் ஏறிடுச்சி. வாசல் கீழ கீது. கீழ முழுகினாத்தான் வெளிய வர முடியும். குடுக்கை கீழ வருதான்னு பாரு."

கனகா சேலையைச் செருகிக்கொண்டு தொட்டிக்குள் கையை விட்டாள். குடுக்கையைப் பிடித்துக் கீழே இழுத்தாள். வழுக்கிக்கொண்டு மேலே போய் முட்டியது. இரண்டு கையாலும் இழுத்தாள். கொஞ்சம் இறங்கி, மறுபடியும் ஓடிப்போய் முட்டியது. மூன்றாவது தடவை தோள்வரை நனைய, பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தாள். பிடி நழுவியது. டொங்கென்ற அந்தச் சத்தத்தைக் கேட்டதும் கையை வெளியே எடுத்துவிட்டாள்.

மிச்சத்தை அவள் கேட்கக் கேட்கச் சொன்னான். பணிப்பெண் கையாட்டியதைச் சொன்னான், புரிந்தும் கேட்காததைச் சொன்னான். வால்பக்கம் பிளந்து தண்ணீர் வந்ததும் தான் முழுகி வாசலைப் பிடித்ததையும், தாமோதரன் கையைப் பிடித்து இழுத்ததையும் சொன்னான். இழுக்க இழுக்க அவன் மேலேதான் போனான். பட்டையை அவிழ்க்கப் பார்த்தான், தான் போட்ட இரட்டை முடிச்சு நனைந்து இறுகிக் கல்லாக இருந்தது. மூச்சு முட்டியது. மேலே போய்க் கூரையடியில் இருந்த கொஞ்சம் காற்றில் ஒரு மூச்சு வாங்கினான். தாமோதரன் முகம் அங்கே பக்கத்தில் இருந்தது.

"இன்னா சொன்னாரு?" என்றாள் கனகா.

பஞ்சாட்சரம் உடைந்து அழுதான். இரண்டு வருஷத்து அழுகை. முகத்தில் அறைந்துகொண்டு அழுதான்.

"கைய உடாதே மச்சான்னாரு."

"நீ?"

"உட்டுட்டேன் கனகா. மூச்சு இல்ல. உட்டுட்டு முழுகி வெளிய வந்துட்டேன்."

கனகா தொட்டியோரம் உட்கார்ந்தாள். தன்னைத் திட்டுவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று பஞ்சாட்சரம் காத்திருந்தான். அவள் எழுந்து வந்து, ஈரக் கையாலேயே அவன் முகத்தைத் துடைத்துவிட்டாள்.

"நீ வேணும்னா செஞ்சே? நானா இருந்தாலும் அப்பிடித்தான் கட்டி இருப்பேன். அழாதே."

அந்த வார்த்தை போதும் அவனுக்கு. இந்த மன்னிப்புக்குப் பயந்தா இரண்டு வருஷம் ஒளிந்து திரிந்தோம் என்று இருந்தது. அவள் உள்ளே போய்ப் பெட்டியை மூடினாள். சட்டையைத் தனியே எடுத்து வைத்தாள். தென்னேரிக்கு ஆள் அனுப்பி மாமியாரை வரச் சொல்ல வேண்டும், ஐயரிடம் நாள் பார்க்க வேண்டும் என்று நிதானமாக ஒவ்வொன்றாகச் சொன்னாள். குரல் தெளிவாகத்தான் இருந்தது.

"கோடி எடுக்கணும். பாய் கடைக்கு எப்ப போறே?"

பாரம் இறங்கிப்போன நிம்மதியில், யோசிக்காமல் பஞ்சாட்சரம் சொன்னான்.

"அதுக்கு நீ கவலைப்படாதே. கோடி கீது எங்கிட்ட."

கனகா திரும்பினாள்.

"எப்ப எடுத்தே?"

"நான் வந்த மாசமே."

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவனுக்கு உறைத்தது. அவள் முகம் மாறிக்கொண்டே போனதைப் பார்த்தான். சாக்குச் சொல்ல வாயைத் திறந்தான். மாமியார் நாள் பார்த்ததால் எடுத்தேன் என்று சொல்லலாம். ஆனால் போனவன் போய்விட்டான் என்று தெரிந்துதானே எடுத்தான். குழாயடியில் குடத்தை நகர்த்தியபோது அந்தப் புடவை பெட்டியில் இருந்தது. வெள்ளிக்கிழமை தோறும் அவள் பொட்டு வைத்துக்கொண்டபோது இருந்தது. அண்ணன் கட்டிவிட்டான் என்று அவள் ஊர் முன்னால் தலைநிமிர்ந்து சொன்னபோதெல்லாம் இருந்தது.

"கட்டினது தெரியாம கட்டினே," என்றாள் கனகா. "இது தெரிஞ்சிகினு செஞ்சே."

அவள் தொட்டியிலிருந்து குண்டானை எடுத்துக் கவிழ்த்து வைத்தாள். குடுக்கை விடுபட்டு, தண்ணீரின் மேலே வந்து மிதந்தது. அதை எடுத்து அவன் கையில் கொடுத்தாள்.

"பதினாறாம் நாள் கோடி எடுத்துக்கினு வா. அண்ணன்காரன்தான் போத்தணும், அது மொறை. அதுக்கு மட்டும் வா."

நனைந்த குடுக்கையை மார்போடு பிடித்துக்கொண்டு பஞ்சாட்சரம் தெருவில் இறங்கி நடந்தான். பின்னால் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. தாழ்ப்பாள் போடுகிற சத்தமும் கேட்டது.